மாடி கட்டியாச்சு, பிளான் அப்ரூவல் எங்கே? வீடு விற்கும்போது வெடிக்கும் சிக்கல்

அப்பா 2005-ல் முறையாக பிளான் அப்ரூவல் வாங்கி தரைத்தளம் கட்டினார். 2014-ல் அண்ணன் கல்யாணத்துக்காக மேலே ஒரு போர்ஷன் ஏற்றினார்கள். "சொந்த இடம்தானே சார், பார்த்துக்கலாம்" என்றார் மேஸ்திரி. இப்போது வீட்டை விற்க வேண்டும். வாங்குபவர் ஹோம் லோனை நம்பி வருகிறார். அட்வான்ஸ் கைமாறிய பிறகு, வங்கி அனுப்பிய இன்ஜினியர் கேட்கிறார்: "மாடிக்கு பிளான் எங்கே?"

தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் நடக்கக்கூடிய காட்சி இது.

எந்த வேலைக்கு அனுமதி வேண்டும்?

பெயின்ட் அடிப்பது, டைல்ஸ் மாற்றுவது, பூச்சு வேலை போன்றவற்றுக்குத் தேவையில்லை. மாடி ஏற்றினாலோ, புதிதாக அறை கட்டினாலோ, பக்கவாட்டில் விட்ட காலி இடத்தை மறைத்துக் கட்டினாலோ அனுமதி கட்டாயம்.

வீட்டு வரி ரசீது இருக்கே, போதாதா?

போதாது. பலரும் ஏமாறும் இடம் இதுதான். கட்டடம் இருக்கிறது, அதனால் வரி போடுகிறார்கள். வரி கட்டியதால் அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது. மாடிக்குத் தனி ஈ.பி. மீட்டர் இருப்பதும் அப்படித்தான். பத்திரப்பதிவும் உரிமை கைமாறியதைத்தான் பதிவு செய்கிறது. கட்டடம் விதிப்படி இருக்கிறது என்று சான்று தருவதில்லை.

வங்கி ஏன் கேட்கிறது?

கட்டிய வீட்டை லோனில் வாங்குபவர், அது அனுமதி பெற்ற பிளான் அல்லது கட்டட விதிகளின்படி கட்டப்பட்டது என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும் என 2006-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அதாவது, விற்பவர் விட்ட ஓட்டைக்கு வாங்குபவர் கையெழுத்துப் போட வேண்டிய நிலை! 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், கட்டட நிறைவுச் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கடன் தர வேண்டும் என உத்தரவிட்டது.

தமிழ்நாட்டில் சிறிய குடியிருப்புகளுக்கு நிறைவுச் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு பிளான் அனுமதிக்குப் பொருந்தாது. சில வங்கிகள் அனுமதி பெற்ற பகுதிக்கு மட்டும் மதிப்பு போடும். அப்போது லோன் தொகை குறையும், பேசிய விலையும் ஆட்டம் காணும்.

இப்போது சரிசெய்ய முடியுமா?

நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவு, 2007 ஜூலை 1 வரை கட்டிய கட்டடங்களை வரன்முறைப்படுத்தக் கொண்டுவரப்பட்டது. 2014-ல் ஏற்றிய மாடி அதில் வராது. உரிமம் பெற்ற பொறியாளரை வைத்து வீட்டை அளந்து, தளப்பரப்பும் பக்கவாட்டு இடைவெளியும் இப்போதைய விதிகளுக்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அடங்கினால் உள்ளாட்சி அலுவலகத்தில் அடுத்த வழியைக் கேட்கலாம். அடங்காவிட்டால், மீறிய பகுதியை இடிப்பதா, விலையைக் குறைப்பதா என்ற முடிவுதான் மிஞ்சும்.

விற்பவர் செய்ய வேண்டியது

விளம்பரம் கொடுக்கும் முன்பே பிளானைத் தேடி எடுங்கள். தொலைந்திருந்தால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் நகல் கேளுங்கள்; ஆர்.டி.ஐ. மூலமும் விண்ணப்பிக்கலாம். மாடிக்கு அனுமதி இல்லை என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தனக்குத் தெரிந்த முக்கியக் குறையை, வாங்குபவர் சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்க முடியாதபட்சத்தில், விற்பவர் மறைக்கக் கூடாது என்கிறது 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்.

வாங்குபவர் செய்ய வேண்டியது

பிளானைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். பேப்பரில் இல்லாத படிக்கட்டோ, அறையோ, மாடியோ இருந்தால் அங்கேயே கேளுங்கள். 'வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுவதும் திருப்பித் தரப்படும்' என்ற வரியை அக்ரிமென்ட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

வில்லங்கச் சான்றிதழில் இந்தக் குறை தெரியாது. அதனால் அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்பதைவிட, கொடுக்கும் முன் கேட்டுவிடுவது நல்லது.