ஞானப்பல்: எடுப்பதா, விடுவதா, எப்போது எடுப்பது?

கோடை விடுமுறை தொடங்கியதும் எங்கள் வாய், தாடை அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இளைஞர்களின் வருகை கூடிவிடும். பெற்றோருடன் வரும் அவர்களுள் பலர் கேட்பது ஒரே கேள்விதான்: "ஞானப்பல்லை எடுத்தே ஆக வேண்டுமா, டாக்டர்?" ஒரே சொல்லில் விடை கூற முடியாத கேள்வி இது. ஏன் முடியாது என்பதை, சென்ற ஆண்டு ஒரே காலையில் அடுத்தடுத்து வந்த இருவரைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

முதலில் வந்தவர் 21 வயது மாணவி. மேற்படிப்புக்காக ஆகஸ்டு மாதம் வெளிநாடு செல்லவிருந்தார். "அங்கே பல் வைத்தியத்துக்குச் செலவு மிக அதிகமாம். நான்கையும் இப்போதே எடுத்துவிடுங்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்" என்றார் அவருடைய தாயார். மாணவிக்கு வலி எதுவும் இல்லை.

அடுத்து வந்தவர் 41 வயதான வியாபாரி. பத்தாண்டுகளாக ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கடைவாயில் ஈறு வீங்கும். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். நான்கைந்து நாளில் அடங்கிவிடும். இம்முறை அடங்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, கீழ்த்தாடையில் ஞானப்பல் படுத்தவாறு கிடந்தது. அது சாய்ந்து மோதிய முன்பல்லின் பின்புறத்தில் சொத்தை வேர்வரை இறங்கியிருந்தது. இரண்டு பற்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. "ஞானப்பல் போனால் போகட்டும். அந்த நல்ல பல்லை ஏன் எடுக்க வேண்டும்?" என்று அவர் கேட்டார். அந்தப் பல் நல்ல பல்லாக இருந்த காலத்தில் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்பதை அவரிடம் சொல்வது எனக்கு எளிதாக இருக்கவில்லை.

தேவையின்றி நான்கு பற்களை எடுப்பது ஒரு பிழை. தேவைப்பட்டபோது எடுக்காமல் விடுவது மற்றொரு பிழை. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது.

ஞானப்பல் ஏன் சிக்கலாகிறது?

கடைவாய்ப் பற்களில் மூன்றாவதாக, தாடையின் கடைக்கோடியில் முளைப்பது ஞானப்பல். பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் வருவதால் இப்பெயர் பெற்றது. நான்கும் எல்லோருக்கும் இருப்பதில்லை; ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒன்றாவது பிறவியிலேயே இருக்காது.

மற்ற பற்கள் எல்லாம் இடம் பிடித்த பின்னர் இது வருவதால், தாடையில் போதிய இடம் இல்லாமல் போகலாம். அப்போது அது எலும்புக்குள்ளேயே தங்கிவிடும். அல்லது முன்பல்லின் மீது சாய்ந்து, பாதி வெளியிலும் பாதி ஈற்றுக்குள்ளுமாக நிற்கும். இவற்றுள் அதிகத் தொல்லை தருவது பாதி முளைத்த பல்லே. அதன் மேல் மடல்போல் படிந்திருக்கும் ஈற்றின் அடியில் உணவுத் துகள்கள் புகுந்து தங்கும்; பல் துலக்கி அங்கே எட்டாது. கிருமிகள் பெருகி ஈறு வீங்கும். வாய் திறக்கவும் விழுங்கவும் வலிக்கும். அந்த வியாபாரிக்குப் பத்தாண்டுகளாக வந்துபோனது இதுதான்.

எப்போது எடுக்க வேண்டும்?

கீழ்க்காணும் நிலைகளில் பல்லை எடுப்பதே நல்லது என்பதில் மருத்துவர்களிடையே பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை.

• ஈறு வீக்கம் மீண்டும் மீண்டும் வருதல். முதன்முறை லேசாக வந்தால் சுத்தம் செய்து, வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளித்துக் காத்திருக்கலாம். இரண்டாம் முறையும் வந்தால், அல்லது முதன்முறையே கடுமையாக இருந்தால், எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.
• அடைத்துச் சரிசெய்ய முடியாத சொத்தை ஞானப்பல்லில் இருத்தல்.
• முன்னுள்ள பல்லில் சொத்தையையோ, வேர்த் தேய்மானத்தையோ, எலும்புக் குறைவையோ உண்டாக்குதல்.
• சீழ்க்கட்டி, பல்லைச் சுற்றி நீர்க்கட்டி அல்லது வேறு கட்டி.
• தாடை அறுவைச் சிகிச்சைக்கோ தலை, கழுத்துப் பகுதிக் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கோ முன்னர், அந்தப் பல் பின்னாளில் இடையூறாகும் என்று மருத்துவர் கருதுதல்.

எப்போது விட்டுவைக்கலாம்?

நேராக முளைத்து, எதிர்ப்பல்லோடு பொருந்தி, துலக்க முடிந்த நிலையில் இருக்கும் ஞானப்பல்லை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. எலும்புக்குள் முழுவதும் புதைந்து, எவ்வித நோயும் இல்லாத பல்லையும் பெரும்பாலும் விட்டுவைக்கலாம்.

நோயில்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் என்ற சுகாதார வழிகாட்டு அமைப்பு 2000ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. தேவையற்ற பல அறுவைகளை அது தவிர்த்தது. ஆயினும் பின்வந்த ஆண்டுகளில், சற்று முதிர்ந்த வயதில், முன்பல் சொத்தையாகிய பின்னர் ஞானப்பல் எடுப்போர் அங்கே கூடினர் என்பதும் பதிவாகியுள்ளது. நோயில்லாத, புதைந்த பல்லை எடுப்பது நல்லதா, விடுவது நல்லதா என்பதை உறுதியாக நிறுவப் போதிய சான்று இல்லை என்பதே காக்ரேன் மருத்துவ ஆய்வுத் தொகுப்பின் முடிவு. ஆகவே "எல்லோரும் எடுங்கள்" என்பதும் சரியன்று. "வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்பதும் சரியன்று. வலியில்லாத பல் எல்லாம் நோயில்லாத பல் ஆகிவிடாது. விட்டுவைப்பதென்றால் கண்காணிப்போடு விட்டுவைக்க வேண்டும்.

என் கீழ்த்தாடையிலும் புதைந்த ஞானப்பல் ஒன்று உண்டு. எலும்பு அதை முழுவதும் மூடியிருக்கிறது. அதன் வேர் நரம்பை ஒட்டியிருக்கிறது. முப்பதாண்டை நெருங்கியும் அது எனக்குத் தீங்கு செய்யவில்லை. நான் அதை எடுக்கவில்லை. சக மருத்துவரிடம் அவ்வப்போது காட்டி வருகிறேன். அறுவைச் சிகிச்சை நிபுணரின் வாயிலேயே அந்தப் பல் இருப்பதை அறிந்து சிரிக்கும் நோயாளிகள் உண்டு.

முன்பற்கள் நெருக்கமாகி வரிசை கெடுவதற்கு ஞானப்பல்லின் தள்ளுதலே காரணம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆய்வுகள் இதை ஆதரிக்கவில்லை. இதை மட்டுமே காரணமாகக் கொண்டு பல்லை எடுக்க வேண்டாம்.

வயதும் அபாயமும்

எடுப்பது என்று முடிவானால் இளமையில் எடுப்பது எளிது. இருபதை ஒட்டிய வயதில் வேர்கள் முழுமையாக வளர்ந்திருக்காது. எலும்பும் சற்று நெகிழ்வாக இருக்கும். புண் விரைவில் ஆறும். முப்பதைக் கடந்த பின்னரும் எடுக்கலாம். ஆனால் அறுவை சற்றுக் கடினமாகும், ஆறுவதும் தாமதமாகும்.

கீழ்த்தாடை எலும்புக்குள் செல்லும் ஒரு நரம்பு உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருகிறது. நாவின் உணர்ச்சிக்குரிய நரம்பும் அருகிலேயே செல்கிறது. கீழ் ஞானப்பல் அறுவைக்குப் பின் நூறில் ஒரு சிலருக்கு உதடோ நாவோ சில வாரங்கள், சில மாதங்கள் மரத்திருக்கலாம். அது நிலைத்துவிடுவது நூறில் ஒருவருக்கும் குறைவு. வேர் நரம்பை ஒட்டியிருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிந்தால், முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். சிலருக்கு வேரை விட்டுவிட்டுப் பல்லின் தலைப்பகுதியை மட்டும் அகற்றுவதும் உண்டு. இந்த அபாயத்தை அறுவைக்கு முன்பே உங்களிடம் சொல்வது எங்கள் கடமை; கேட்டுத் தெளிவது உங்கள் உரிமை.

மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை மங்கும் என்ற அச்சத்தை இன்றும் வாரந்தோறும் கேட்கிறேன். பார்வை நரம்பு மூளையிலிருந்து நேராகக் கண்ணுக்குச் செல்கிறது. பற்களின் நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை குறையாது. இந்த அச்சத்தால் சீழ் பிடித்த பல்லை வைத்துக்கொண்டிருப்பதில்தான் ஆபத்து உள்ளது.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய வால்வு நோய், மருந்து ஒவ்வாமை, கருவுற்றிருத்தல் ஆகியவற்றை முதலிலேயே தெரிவியுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உட்கொள்வோர் அதைத் தாமாக நிறுத்திவிட்டு வரக் கூடாது. பல்லின் பொருட்டு நிறுத்திய மாத்திரை இதயத்துக்கோ மூளைக்கோ தீங்காக முடியலாம். எலும்புத் தேய்மானத்துக்கும் புற்றுநோய்க்கும் தரப்படும் சில ஊசிகளும் மாத்திரைகளும் தாடை எலும்பு ஆறுவதைத் தடுக்கக்கூடும். அவற்றின் சீட்டைக் கையோடு கொண்டு வாருங்கள்.

எடுத்த பின்னர் வீட்டில்

பெரும்பாலோருக்கு மரப்பு ஊசி போட்டே பல்லை எடுத்துவிடலாம். அன்றே வீடு திரும்பலாம். பஞ்சை அரை மணி முதல் ஒரு மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவோ, துப்பிக்கொண்டே இருக்கவோ, உறிஞ்சுகுழலில் குடிக்கவோ கூடாது. பல்குழியில் உறையும் இரத்தமே அங்கு மருந்து. அது பெயர்ந்துவிடக் கூடாது. முதல் நாள் கன்னத்தின் வெளியே துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒற்றடம் கொடுங்கள். ஆறிய கஞ்சி, தயிர்சாதம், மசித்த இட்லி, மோர் போதுமானவை. மறுநாள் முதல் உணவுக்குப் பின் வெதுவெதுப்பான உப்புநீரால் மெல்லக் கொப்பளிக்கலாம்.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தை அடைந்து பின்னர் குறையும். வீட்டார் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மூன்றாம் நாளுக்குப் பின் வலி குறையாமல் கூடினால், குழியில் உறைந்த இரத்தம் பெயர்ந்து எலும்பு வெளிப்பட்டிருக்கலாம். மருந்து வைத்தால் விரைவில் குணமாகும். புகைபிடிப்போருக்கு இது அதிகம் நேர்கிறது. ஆகவே அறுவைக்குப் பின் ஒரு வாரமாவது புகை கூடாது. அப்படியே விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

வலிக்கும் இடத்தில் ஆஸ்பிரின் மாத்திரையையோ புகையிலையையோ அடக்கி வைப்பது கூடாது. அது ஈற்றைப் புண்ணாக்கும்.

வாயை இரண்டு விரல் அகலம்கூடத் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், நாவின் அடியில் அல்லது கழுத்தில் பரவும் வீக்கம், கடுங்காய்ச்சல், நிற்காத இரத்தப்போக்கு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் மறுநாள் வரை காத்திராமல் இரவாயினும் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். கழுத்தில் பரவும் சீழ் உயிருக்கே ஆபத்தானது.

முடிவு யாருடையது?

அந்த மாணவிக்கு வருகிறேன். தாயார் பேசிக்கொண்டிருந்தார், மகள் அமைதியாக இருந்தார். "உங்களுக்கு அங்கே என்ன தொந்தரவு?" என்று அவரிடமே கேட்டேன். வலப்பக்கம் கீழே சோறு சிக்கிக்கொள்வதாகவும் சில நாள் துர்நாற்றம் வருவதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னார். எக்ஸ்ரேயும் அதையே காட்டியது. மூன்று பற்கள் நேராகவும் நோயின்றியும் இருந்தன. வலக் கீழ்ப்பல் ஒன்று மட்டும் பாதி முளைத்து முன்பல்லின் மீது சாய்ந்திருந்தது. முன்பல் இன்னும் கெடவில்லை. காத்திருப்பதிலும் எடுப்பதிலும் உள்ள நன்மை தீமைகளை இருவரிடமும் விளக்கினேன். "ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்று மகள் சொன்னார். ஜூன் மாதம் எடுத்தோம். புண் ஆறிய பின்னரே அவர் விமானம் ஏறினார். மற்ற மூன்றும் அவரோடு சென்றன.

எங்களிடம் வரும்போது "நான்கையும் எடுக்கலாமா?" என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு பல்லையும் காட்டி, "இது எந்த நிலையில் இருக்கிறது? இப்போது எடுத்தால் என்ன, விட்டால் என்ன? விட்டால் மீண்டும் எப்போது வந்து காட்ட வேண்டும்?" என்று கேளுங்கள். அறுவையானால் செலவு எவ்வளவு, எத்தனை நாள் விடுப்பு வேண்டும் என்பதையும் தயங்காமல் கேளுங்கள். 18 வயதை ஒட்டி ஒருமுறை ஞானப்பற்களைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. அந்த வியாபாரி இப்போது தம் மகனை அழைத்து வந்து காட்டியிருக்கிறார். மகனுக்கு வயது 17. இன்னும் எதையும் எடுக்க வேண்டிய தேவை எழவில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் வரச் சொல்லியிருக்கிறேன்.