விடியற்காலைச் சந்தையில் ஓர் அமானிதம்



பிழைப்பின் பொருட்டோ உறவினரைக் காணவோ ஓமன் நாட்டிற்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டினால், ஒரு வெள்ளிக்கிழமை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் நிஸ்வா நகரின் கால்நடைச் சந்தைக்குச் சென்று பாருங்கள். 17-ஆம் நூற்றாண்டுக் கோட்டையின் அருகே, வட்டக் களத்தைச் சூழ்ந்து மக்கள் அமர்ந்திருப்பர். விற்போர் ஆடுகளைக் கயிற்றில் பிடித்தவாறு, விலையை உரக்கக் கூறிக்கொண்டே வலம் வருவர். விரும்பியவர் கைகாட்டி நிறுத்துவார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். முதுகைத் தடவிப் பார்ப்பார். ஜும்ஆ வேளைக்கு முன்பே வணிகம் ஓய்ந்துவிடும்.

மம்சாபுரத்திலிருந்து சென்றவருக்கு அக்காட்சி எட்டயபுரத்தின் சனிக்கிழமை ஆட்டுச் சந்தையை நினைவூட்டும். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருக்கும் ஊரல்லவா அது! கரிய மேனியும் முகத்தில் வெள்ளைக் கோடுகளும் கொண்ட கன்னி ஆடுகள், நெடிய கால்களையுடைய கொடி ஆடுகள், செம்புள்ளிகள் நிறைந்த வேம்பூர்ச் செம்மறிகள் யாவும் நம் வட்டாரத்துச் செல்வங்களே. ஒரு வேறுபாடு உண்டு. நிஸ்வாவில் விலை எல்லோர் காதிலும் விழும். நம் நாட்டுச் சந்தைகளிலோ துண்டுக்குள் விரல்களைப் பற்றிப் பேரம் பேசும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குகையில், வெளிநாட்டில் உழைக்கும் மகன் குர்பானிக்கென்று பணம் அனுப்புகிறான். சந்தையில் ஆட்டைத் தேர்ந்தெடுப்பவர் ஊரிலிருக்கும் தந்தை. அவர் கையிலிருப்பது வெறும் பணமன்று; அமானிதம். எனவே சிலவற்றைக் கருத்திற் கொள்ளுங்கள்.

வெள்ளாட்டுக்கு ஓராண்டு நிறைந்திருக்க வேண்டும். கீழ்த்தாடையின் முன்புறத்தில் பால்பற்கள் இரண்டு விழுந்து, பெரிய பற்கள் இரண்டு முளைத்திருப்பது அதற்கு நல்ல அடையாளம். கண்பார்வை இழந்தது, நோயுற்றது, நொண்டுவது, எலும்பும் தோலுமாய் மெலிந்தது ஆகியவை குர்பானிக்கு ஆகா. ஆட்டைச் சில அடிகள் நடக்கவிட்டுப் பாருங்கள். வயிறு மட்டும் புடைத்திருந்தால் ஏமாந்துவிடாதீர்கள்; எடை கூட்டிக் காட்ட நீரைப் புகட்டிக் கொணர்வோரும் உண்டு. முதுகெலும்பின் மேல் கைவைத்தால் சதைப்பற்று உண்மையைச் சொல்லிவிடும்.

விற்பவருக்கும் பொறுப்புண்டு. தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டு, ஈரத்தைக் கண்டு வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி நாம் அறிந்ததே. ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டும் என்பதே அவர்களது அறிவுரை. ஆட்டின் குறையை மறைப்பவர் அக்குவியலைத்தான் மீண்டும் குவிக்கிறார்.

வாங்கிய ஆட்டை இழுத்துச் செல்லாதீர்கள். நிழலும் நீரும் கொடுங்கள். அதன் கண்ணெதிரே கத்தி தீட்டாதீர்கள்.

விலை துண்டுக்குள் மறையலாம். நிய்யத்து அல்லாஹ்விடம் மறையாது. அடுத்த பெருநாளுக்குச் சந்தைக்குச் செல்லும்போது இதனை நினைவிற் கொள்வீர்களல்லவா?