உஷார்! இரட்டைப் பிள்ளையா? நஞ்சு ஒன்றா, இரண்டா என்று கேளுங்கள்

பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் “இரட்டை” என்று டாக்டர் சொன்ன அரை மணி நேரத்தில் ஸ்கேன் படம் வாட்ஸாப்பில் கிள்ளான் வரைக்கும் போய்விடுகிறது. யார் ஜாடை, என்ன பேர் என்று குடும்பமே பேசுகிறது. நஞ்சு (நஞ்சுக்கொடி) ஒன்றா, இரண்டா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பிள்ளைகளின் உயிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

அதைப் பார்க்க ஏற்ற காலம் 11 முதல் 14 வாரம். இரு பனிக்குடப் பைகளுக்கும் நடுவிலுள்ள சவ்வு நஞ்சோடு சேரும் இடத்தில் தடித்து முக்கோணமாக விரிந்தால் இரண்டு நஞ்சு. நூல் போல மெலிந்து நேரே வந்து முட்டினால் ஒரே நஞ்சு. வாரம் ஏற ஏற இந்த அடையாளம் மங்கிவிடும்.

ஒரே நஞ்சு என்றால் இரண்டு பிள்ளைகளின் இரத்தக் குழாய்களும் அதற்குள் இணைந்து கிடக்கும். இப்படிப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை, ஒரு பிள்ளையின் இரத்தம் மற்றதற்கு ஒருபக்கமாகவே போக ஆரம்பிக்கும். கொடுக்கிற பிள்ளை வளராது, அதன் பனிக்குட நீர் வற்றிப்போகும். வாங்குகிற பிள்ளையின் இதயம் சுமை தாங்காமல் திணறும். கவனிக்காமல் விட்டால் இரண்டையுமே இழக்க நேரலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் லேசர் கொண்டு அந்த இணைப்புக் குழாய்களை அடைக்க வழி உண்டு. அதற்காகத்தான் 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். ஒன்றைக்கூட தவறவிடாதீர்கள்.

நாலைந்து நாளில் வயிறு திடீரென்று ஊதி, தோல் மத்தளமாக இறுகி, மூச்சு வாங்குகிறதா? “ரெட்டைப் பிள்ளைன்னா வயிறு அப்படித்தாம்மா இருக்கும்” என்று பாட்டி சொல்வார். பாசத்தில் சொல்வதுதான். ஆனாலும் அது இரத்தம் ஒருபக்கமாகப் போவதன் அறிகுறியாக இருக்கலாம்; அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கடுமையான தலைவலி, கண் மங்கல், முக வீக்கம் என்றாலும் அப்படியே. இரட்டையைச் சுமக்கும் தாய்க்கு இரத்த அழுத்தம் எகிறும் ஆபத்து அதிகம்.

நல்ல நட்சத்திரத்துக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இரட்டைக்கு அது ஆகாது. சிக்கல் இல்லாவிட்டாலும் இரண்டு நஞ்சுக்கு 37ஆம் வாரத்திலும், ஒரே நஞ்சு, தனித்தனிப் பை என்றால் 36ஆம் வாரத்திலும் பிள்ளைகளை வெளியே எடுப்பதே பாதுகாப்பு.

பாதிக்கு மேற்பட்ட இரட்டையர்கள் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டும் முன், குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் இரண்டு பிள்ளைக்கும் இடமும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா, கோலாலம்பூர் துங்கு அசிசா போன்ற அரசாங்க மருத்துவமனைகள் இருக்கின்றன. பிறந்த பிறகு பிஞ்சுகளை ஆம்புலன்ஸில் ஏற்றி ஃபெடரல் ஹைவே நெரிசலில் கொண்டு போவதைவிட, தாய் வயிற்றில் இருக்கும்போதே அங்கே போய்விடுவது மேல்.

இப்போதே உங்கள் கர்ப்பகால பிங்க் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். நஞ்சு எத்தனை என்று அதில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த தேதி வரும்வரை காத்திருக்காதீர்கள். நாளைக் காலையே போய்க் கேளுங்கள்.