ஸ்கேன் படமும் மனசாட்சியும்: எதற்காகப் பார்க்கிறோம்?



லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் கருவுற்ற இரு தாய்மார் சந்திக்கிறார்கள். மரியாவின் வாழ்த்து காதில் விழுந்ததும் எலிசபெத்தின் வயிற்றிலிருந்த குழந்தை துள்ளியதாக நற்செய்தியாளர் எழுதுகிறார். கருவிலிருக்கும் குழந்தையை அறிய அக்காலத்தில் தாயின் உடலைத் தவிர வேறு கருவி இல்லை. இன்று ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் குடியாத்தத்திலும் ஒரு தாய் மூன்றாம் மாதத்திலேயே தன் குழந்தையின் இதயத் துடிப்பைத் திரையில் பார்க்கிறார். பார்த்துவிட்டு ஆனந்தக் கண்ணீர் வடிக்கும் தாய்மார் உண்டு. அதே திரையைப் பார்த்து, "ஆணா, பெண்ணா?" என்பதை மட்டும் அறியத் துடிக்கும் குடும்பங்களும் உண்டு. கருவி ஒன்றுதான்; பார்க்கும் உள்ளம் வேறு. ஆகவே, ஸ்கேன் நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, எதற்காகப் பார்க்கிறோம் என்று கேட்பதே நம் மனசாட்சிக்கு ஏற்ற கேள்வி.

கருவிகள் செய்வது என்ன?

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ரான்ட்ஜன் என்ற அறிவியலார் எக்ஸ்ரே கதிரைக் கண்டறிந்தார். அக்கதிர் தசையை எளிதில் ஊடுருவும். எலும்பில் பெரிதும் தடுக்கப்படும். அதனால்தான் எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு பெற்ற அவர், தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோரவில்லை. அது மனிதகுலம் முழுவதற்கும் பயன்பட வேண்டும் என விரும்பினார்.

சி.டி. ஸ்கேனும் எக்ஸ்ரே கதிரையே பயன்படுத்துகிறது. உடலைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தி, கணினியின் உதவியால் உடலின் குறுக்குவெட்டுப் படங்களைத் தருகிறது. எம்.ஆர்.ஐ. கருவியில் எக்ஸ்ரே இல்லை. வலிமையான காந்தமும் வானொலி அலைகளும் அங்கே வேலை செய்கின்றன. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலும் கதிர்வீச்சு இல்லை. நம் காதுக்குக் கேட்காத ஒலி அலைகள் உள்ளே சென்று, உறுப்புகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியே படமாகிறது. இந்த முறையை மகப்பேறு மருத்துவத்திற்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர் இயன் டொனால்ட். உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று தொழிற்சாலையில் சோதிக்கும் கருவியைக் கொண்டு ஆய்வைத் தொடங்கி, 1958இல் தம் குழுவினருடன் அதன் முடிவுகளை வெளியிட்டார்.

பெண்களின் உயிருக்காகப் பிறந்த மருத்துவம்

நம் வேலூர் மண்ணின் மருத்துவ வரலாறு எங்கே தொடங்குகிறது என்பதை நாம் மறக்கலாகாது. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்ற வழக்கம் இருந்தது. பெண் மருத்துவரோ இல்லை. அந்த இரவு மறைப்பணியாளர் ஒருவரின் மகளான ஐடா ஸ்கட்டரின் வாழ்வைத் திருப்பியது. அவர் மருத்துவம் படித்து வந்து, 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை அங்கிருந்து வளர்ந்ததே.

பெண் சாகக்கூடாது என்பதற்காகவே இம்மண்ணில் நவீன மருத்துவம் வேரூன்றியது. அதே மருத்துவத்தின் கருவி, பெண் பிறக்கக்கூடாது என்பதற்காகப் பயன்படுவது எத்தகைய முரண்!

இது எங்கோ வட இந்தியாவில் நடப்பது என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. 2018ஆம் ஆண்டின் இறுதியில், நம் மறைமாவட்டத்திற்குள் இருக்கும் திருவண்ணாமலையில், கருவின் பாலினத்தைச் சொல்லிக் கருக்கலைப்பும் செய்து வந்த சட்டவிரோத இடம் ஒன்றை அதிகாரிகள் மூடினார்கள். கையில் எடுத்துச் செல்லும் ஸ்கேன் கருவியோடு வீடுகளில் பாலினம் சொல்வோர் பிடிபட்ட செய்திகள் நம்மைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்து அதன் பின்னும் வந்திருக்கின்றன. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 1000 ஆண்களுக்கு 945 பெண்கள் என்றிருந்த நாட்டின் கணக்கு (1991), 2001இல் 927ஆகக் குறைந்தது. 2011இல் 920க்கும் கீழே இறங்கியது. தமிழகத்தில் 2011இல் அது 943.

தரம் பிரிக்கத் தோலா குழந்தை?

தோல் தொழிலில் உள்ள நம் மக்களுக்கு இதை விளக்குவது எளிது. பதனிட்ட தோலை மேசைமேல் விரித்து, கீறல் உண்டா, உண்ணி கடித்த தழும்பு உண்டா, கத்தி பட்ட ஓட்டை உண்டா என்று தேர்ந்த கண் பார்க்கும். முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரிக்கும். தோலுக்கு அது சரி. தாயின் வயிற்றிலிருக்கும் குழந்தையை அந்தக் கண்ணோடு பார்ப்பதுதான் பாவம். திருப்பாடல் 139, நாம் உருவாகும் முன்பே இறைவனின் கண்கள் நம்மைக் கண்டதாகச் சொல்கிறது. அந்தப் பார்வை தரம் பிரிக்கும் பார்வை அல்ல. பெயர் சொல்லி அழைக்கும் பார்வை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். காலையில் ஷூ கம்பெனி வண்டிகள் ஊர் ஊராகச் சென்று ஏற்றிவருவது பெரும்பாலும் பெண்களைத்தான். அப்பர் தைக்கும் எந்திரத்தின்முன் நாள் முழுவதும் குனிந்திருப்பவர்கள் நம் வீட்டு மகள்கள். அவர்கள் சம்பளத்தில் வீட்டு வாடகையும் தம்பியின் படிப்பும் நடக்கிறது. அப்படியிருந்தும் பெண் பிறந்தால் செலவு என்கிறோம். செலவாக இருப்பது பெண் அல்ல. நாம் கேட்கும் வரதட்சணை.

சட்டமும் திருச்சபையும்

கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதை 1994ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. 2003இல் அது மேலும் வலுப்படுத்தப்பட்டது. வாயால் மட்டுமல்ல, சைகையாலோ வேறு எவ்வகையிலோ சொல்வதும் குற்றம். "இனிப்பு வாங்குங்கள்" என்று மறைமுகமாகச் சொல்வதும் இதில் அடங்கும். சொல்பவருக்கும், கேட்டுச் செல்லும் கணவருக்கும் உறவினருக்கும் முதல் குற்றத்திற்கே மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. மனைவியைப் பொறுத்தவரை, கணவரும் உறவினரும் கட்டாயப்படுத்தினார்கள் என்றே சட்டம் முதலில் கருதுகிறது. நம் குடும்பங்களின் நிலைமையைச் சட்டம் எவ்வளவு சரியாக அறிந்திருக்கிறது!

திருச்சபையின் போதனையும் தெளிவானது. 1987இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட ஏடும், புனித திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் எழுதிய 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலும் கருவைப் பரிசோதிப்பதைக் கண்டிக்கவில்லை. குழந்தையின் உயிரை மதித்து, அதைக் காக்கவோ குணமாக்கவோ செய்யும் பரிசோதனை நல்லது. பெற்றோர் விவரம் அறிந்து சம்மதிக்க வேண்டும். முடிவைப் பார்த்துக் கருவைக் கலைக்கலாம் என்ற எண்ணத்தோடு செய்வதே தவறு. அவ்வாறு செய்யும்படி தூண்டும் கணவரும் உறவினரும் அறநெறிக்கு எதிராகவே நடக்கிறார்கள் என்று 1987ஆம் ஆண்டு ஏடு குறிப்பாகச் சொல்கிறது. மாமியாரும் மாமனாரும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

குறை தெரிந்தால்?

இருபதாம் வாரத்தையொட்டி எடுக்கும் ஸ்கேன் பல உயிர்களைக் காக்கிறது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது முன்பே தெரிந்தால், இரத்தப்போக்கைச் சமாளிக்க வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவத்தை ஏற்பாடு செய்யலாம். குழந்தையின் இதயத்தில் குறை தெரிந்தால், பிறந்தவுடன் சிகிச்சை தரும் இடத்திற்கே தாயை அனுப்பலாம். ஆகவே, பயந்துகொண்டு ஸ்கேனைத் தவிர்ப்பதும் சரியன்று.

தீர்க்க முடியாத குறை என்று மருத்துவர் சொல்லும் நாள்தான் கடினமான நாள். கடுமையான குறைபாடு இருந்தால், மருத்துவக் குழுவின் ஒப்புதலோடு 24 வாரத்திற்குப் பிறகும் கருவைக் கலைக்க 2021இல் திருத்தப்பட்ட சட்டம் இடம் தருகிறது. சட்டம் அனுமதிப்பதெல்லாம் அறமாகிவிடாது. சில மணி நேரமே வாழப்போகும் குழந்தையும் இறைவனின் பிள்ளையே. அதற்கும் ஒரு பெயர் உண்டு, திருமுழுக்கு உண்டு, மடியில் ஏந்தும் உரிமை உண்டு. ஆனால் இதை அந்தத் தாயிடம் சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. மாற்றுத்திறனுள்ள குழந்தையை வளர்க்கும் வீட்டை அன்பியம் எட்டிப் பார்க்காவிட்டால், நம் போதனை அவர்கள் தோளில் ஏற்றிய சுமையாகவே இருக்கும்.

ஏற்கெனவே தவறிப்போய் மனம் வெந்து கிடப்போருக்கும் வழி அடைக்கப்படவில்லை. கருக்கலைப்புப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016 நவம்பரில் எல்லா அருள்பணியாளர்களுக்கும் நிலையாக வழங்கினார். உங்கள் பங்கிலேயே ஒப்புரவு அருட்சாதனம் காத்திருக்கிறது.

பிற நோய்களிலும் இதே கேள்வி

தலைவலி என்றதும் "சி.டி. எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று நாமே கேட்கிறோம். ஒரு மார்பு எக்ஸ்ரேயின் கதிர், இயற்கையிலிருந்து சில நாள்களில் நாம் பெறும் அளவுதான். வயிற்று சி.டி. ஸ்கேனோ இரண்டு மூன்று ஆண்டுகளில் பெறும் அளவு. தேவையானபோது அஞ்ச வேண்டாம். தேவையின்றிக் கேட்க வேண்டாம். சிறுபிள்ளைகளுக்கு இன்னும் கவனம் தேவை. கர்ப்பிணிகள் எக்ஸ்ரேக்கு முன்பே தங்கள் நிலையைச் சொல்லிவிட வேண்டும். நோயாளியை அனுப்பியதற்காக மருத்துவர் கமிஷன் பெறுவதை 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகள் தடை செய்கின்றன. ஏழையின் ஒரு வாரச் சம்பளம் தேவையற்ற படத்திற்குப் போவது ஏழாம் கட்டளைக்கு எதிரானது.

படம் நோயாளிக்கே உரியது. காசநோய் என்று எக்ஸ்ரே காட்டியதை வேலை செய்யும் இடத்திலும் தெருவிலும் பரப்புவது, பிறர் பெயரைக் கெடுக்கும் பாவமே.

வீட்டில் சிந்திக்க

அடுத்தமுறை மருத்துவர் ஒரு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். இது யாருடைய நன்மைக்காக? முடிவு தெரிந்தபின் என்ன செய்யப் போகிறோம்? இதை அறிய உரிமையுள்ளவர் யார்? இந்த மூன்றுக்கும் இறைவன் திருமுன் வெட்கமின்றிப் பதில் சொல்ல முடியுமானால், நன்றியோடு அந்தப் படத்தைப் பார்ப்போம். பெண் குழந்தை பிறந்த வீட்டிற்கு, ஆண் குழந்தை பிறந்த வீட்டிற்குப் போகும் அதே மகிழ்ச்சியோடு, அதே இனிப்போடு செல்வோம். இறைவன் நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.