கால் கடுக்க நிற்பவர்களுக்கு ஒரு நாற்காலி

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவிலும் கிழக்கேகோட்டையைச் சுற்றியுள்ள ஜவுளிக்கடைகளிலும் ஓணம் நெருங்கினால் கூட்டம் அலைமோதும். விற்பனைப் பெண்களைக் கவனியுங்கள். சேலையை எடுப்பது, விரிப்பது, மடித்து அடுக்குவது எல்லாம் நின்றபடிதான். கூட்டம் ஓய்ந்த பிறகும் அலமாரியில் இடுப்பைச் சாய்த்து, கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்கள்.

நின்றுகொண்டே இருந்தால் என்ன ஆகும்?

காலில் இறங்கிய ரத்தம் இதயத்துக்கு மேலேறியாக வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து அதைத் தள்ளிவிடும். அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும். சாயங்காலம் பாதம் வீங்கிச் செருப்பு இறுகும். வருடக்கணக்கில் இப்படியே போனால் சிரைகளின் வால்வுகள் தளர்ந்து, நீலநிறத்தில் முடிச்சு முடிச்சாகப் புடைக்கலாம். வெரிகோஸ் வெயின் என்பது இதுதான். முற்றினால் கணுக்கால் அருகே தோல் கறுத்துப் புண்ணாவதும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

கழிப்பறை இல்லாத கடைகளில் இன்னொரு கொடுமை. சிறுநீர் வந்துவிடுமே என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் பொழுதை ஓட்டுவார்கள். சிறுநீர்த்தொற்றுக்கு இதைவிட வேறு வழி தேட வேண்டாம்.

போராடி வாங்கிய சட்டம்

தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்வோருக்கு இருக்கை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிவிட்டது. கடைப் பெண்களுக்கு அது வாய்க்கவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் தொழிலாளியான பி. விஜி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கி, கழிப்பறைக்காகவும் இருக்கைக்காகவும் போராடினார். கேரள அரசு 2018இல் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு 2021இல் அதே வழியில் வந்தது.

முதலாளி செய்ய வேண்டியது

ஸ்டூல் வாங்கிப் போட்டதோடு கடமை முடியவில்லை. அதன்மேல் சேலைப் பெட்டிகளை அடுக்கி வைத்தால் யார் உட்காருவது? உட்கார்ந்தவரை மேற்பார்வையாளர் முறைத்துப் பார்த்தால், மறுநாள் அவர் உட்காரவே மாட்டார். ஆள் வராத நேரத்தில் உட்காரலாம் என்று முதலாளியே எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். கேமரா வைத்து உட்கார்ந்த நிமிடங்களை எண்ணக் கூடாது.

கவுண்ட்டர் உயரத்துக்கு ஏற்ற இருக்கையும் கால் வைக்க ஒரு பலகையும் போடுங்கள். விற்பனையிலும் பில் போடுவதிலும் ஆட்களை மாற்றி மாற்றி விடுங்கள். தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை, குடிநீர் இரண்டும் கடைக்குள்ளேயே இருக்கட்டும். ஓணக் கூட்டத்துக்குக் கூடுதல் ஆள் எடுத்தால், இருப்பவர்களுக்கு உட்கார நேரம் கிடைக்கும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

இரண்டு காலும் மாலையில் வீங்கி, இரவில் காலை உயர்த்திப் படுத்ததும் வடிந்துவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. தொடர்ந்தால் காட்டிவிடுவது நல்லது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி, வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. முதலாளிகளே, வேலை முடியட்டும் என்று அந்தப் பெண்ணை நிறுத்தி வைக்காதீர்கள். துணைக்கு ஓர் ஆளோடு உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள், அன்றைய சம்பளத்தையும் பிடிக்காதீர்கள்.