பளபளக்கும் சுவரும் நீலப் புகையும்

கார் இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் வட்டக் குழிக்குச் சிலிண்டர் என்றும், ஒர்க்‌ஷாப் பேச்சில் போர் என்றும் பெயர். எரிபொருள் எரியும்போது எழும் அழுத்தத்தை மேற்புறமே நிறுத்தி, ஆயிலைக் கீழ்ப்புறமே தடுத்து வைக்கும் பொறுப்பு அக்குழியின் உட்சுவருக்கும், அதில் உரசியபடி ஓடும் பிஸ்டன் ரிங்குகளுக்கும் உரியது. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுழலும்போது பிஸ்டன் ஒரு விநாடியில் 50 முறை ஏறி இறங்குகிறது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியோ சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் தலைமுடியின் தடிமனை விடக் குறைவு. அந்த இடைவெளிக்குள் ஆயிலின் மெல்லிய படலம் அறுபடாமல் இருக்கும்வரை இன்ஜின் இலட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். அது அறுபடும் நாளில் உலோகம் உலோகத்தைத் தின்னத் தொடங்கும்.

சுவர் கண்ணாடி போல வழவழப்பாக இருப்பதே நல்லது என்று பலரும் எண்ணுவது இயல்பு. உண்மை அதற்கு நேர்மாறானது. புதிய சிலிண்டரின் சுவரில், பனையோலைப் பாயின் பின்னல் போல, ஒன்றையொன்று சாய்வாக வெட்டிச் செல்லும் நுண்கோடுகளை ஹோனிங் என்னும் சாணைக்கல் வேலையால் வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். சில மைக்ரான் ஆழமே உள்ள அக்கோடுகளில்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆயில் தங்கி நின்று ரிங்குகளை நனைக்கிறது. ஆகவே, பின்னல் அழிந்து பளபளக்கும் சுவர் ஆயிலைப் பிடித்து வைக்க இயலாத சுவராகும். மேலிருந்து கீழாக நேராக ஓடும் கீறல்களோ ஏற்கெனவே ஏதோ ஒன்று உள்ளே சிக்கி இழுபட்டதைக் காட்டுகின்றன. விரல் நகத்தால் குறுக்கே வருடும்போது நகம் தட்டி நிற்குமானால், அந்தக் கீறல் ஹோனிங்கால் மட்டும் போகாது.

இந்த நுட்பம் ஸ்ரீபெரும்புதூர், மண்ணூர், ஒரகடம் வட்டாரத்து மக்களுக்கு ஏட்டில் மட்டும் உள்ள செய்தியன்று. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்ததும், ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் ஆலையும் 2012இல் டைம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டதும், இப்பகுதியின் வயல்வெளிகளுக்கு நடுவே இன்ஜினை அன்றாட வேலையாக அறிந்த ஒரு தலைமுறையை உருவாக்கின. பிஸ்டனும் ரிங்கும் செய்யும் தொழில் அதற்கும் மூத்தது: சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கப்பட்டது 1949இல், ஒரகடத்துக்குத் தென்கிழக்கே மறைமலை நகரில் ஐபி ரிங்ஸ் இயங்குகிறது. மைக்ரான் கணக்கில் சுவரைச் செதுக்கித் தரும் இதே வட்டாரத்துச் சாலைகளில்தான் அச்சுவரின் முதல் பகையான தூசியும் ஓயாமல் எழுகிறது என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

மண்ணும் ஜல்லியும் ஏற்றிய டிப்பர்களின் பின்னால் நாள்தோறும் செல்லும் காரின் ஏர் ஃபில்டர், மற்றக் கார்களின் ஃபில்டரை விட விரைவில் அடைபடும். அடைபட்ட ஃபில்டர் இழுவையைத்தான் குறைக்கும், ஆனால் கிழிந்த ஃபில்டரும், மூடி சரியாகப் பொருந்தாத ஃபில்டர் பெட்டியும், வெடிப்பு விட்ட ரப்பர் குழாயும் மணலை நேரே சிலிண்டருக்குள் விடும். ஆயில் படலத்தின் தடிமனை ஒத்த நுண்மணலே மிகுந்த கேடு செய்கிறது, ஏனெனில் அது ரிங்குக்கும் சுவருக்கும் இடையே நுழைந்து இரண்டையும் ஒருசேர அரைக்கிறது. ஃபில்டரைக் கழற்றியபின் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்து, செம்மண் ஒட்டினால் மணல் உள்ளே போயிருக்கிறது என்று கொள்ளலாம்.

உரிமையாளரின் கண்ணுக்கு முதலில் படும் அறிகுறி பெரும்பாலும் ஆயில் குறைவதாகும். "வண்டி ஆயில் குடிக்குது" என்று மெக்கானிக்குகள் சொல்லும் இந்நிலையை ஊகத்தால் முடிவு செய்யாமல், சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து அளந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு குறைகிறது என்று எழுதி வைப்பதே முறை. அளவு குறைவதற்கு மாறாகக் கூடி, டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை அடித்தால் அதுவும் எச்சரிக்கைதான்: எரியாத பெட்ரோல் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது என்பது அதன் பொருள்.

அடுத்தது புகை. ஆயில் எரிந்தால் நீலம் கலந்த புகை வரும் என்பது பலரும் அறிந்ததே. ஆனால் நீலப் புகை கண்டவுடன் போர் போய்விட்டது என்று முடிவு கட்டுவது, இத்துறையில் மிக அதிகமாக வீண்செலவை உண்டாக்கும் தவறு. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு மூச்சுப் புகை வந்து நின்றுவிட்டால், வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் தேய்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதைச் சரிசெய்யப் பல இன்ஜின்களில் ஹெட்டைக்கூட இறக்க வேண்டியதில்லை. மேட்டில் ஏறும்போதும், சுமையோடு வேகமெடுக்கும்போதும் விடாமல் புகைத்தால் ரிங் அல்லது சுவர் மீது ஐயம் வலுப்படும். அப்போதும் சுவர் நலமாக இருந்து, கரி அடைந்த ஆயில் ரிங் மட்டும் தன் பள்ளத்தில் இறுகிப் போயிருக்கக்கூடும். 2020 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் பிஎஸ்-6 கார்களில் மற்றொரு சிக்கல் உண்டு: சைலன்சர் வழியிலுள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஆயில் புகையின் ஒரு பகுதியை எரித்து மறைத்துவிடுவதால், புகை தெரியாமலேயே ஆயில் தீரும், ஆயிலிலுள்ள பாஸ்பரஸ் அந்தக் கன்வர்ட்டரையும் மெல்லக் கெடுக்கும். எனவே புதிய கார்களில் புகையை விட டிப்ஸ்டிக்கே நம்பத்தக்க சாட்சி.

இவற்றோடு, ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கும்போது விட்டு விட்டு வீசும் புகைக்காற்று, ஆயில் படிந்து கறுத்த ஒரேயொரு ஸ்பார்க் பிளக், குளிர்ந்த இன்ஜினில் கேட்டுச் சூடேறியதும் மறையும் பிஸ்டன் தட்டல் ஆகியவையும் சேர்ந்து வருமானால் சோதனைக்கு நேரமாகிவிட்டது.

சோதனைகளில் முதலாவது கம்ப்ரஷன் சோதனை. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் அழுத்தமானியைப் பொருத்தி இன்ஜினைச் சுழற்றினால், பெட்ரோல் காரில் பொதுவாக 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை காட்டும். தனி எண்ணை விட, சிலிண்டர்களுக்கு இடையேயான வேறுபாடு முக்கியம். குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்கும்போது அழுத்தம் நன்கு உயர்ந்தால், ஆயில் தற்காலிகமாக அடைத்தது ரிங்குக்கும் சுவருக்கும் இடையிலுள்ள கசிவை என்று தெரியும். உயராவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ பார்க்க வேண்டும். காற்றை உள்ளே செலுத்திக் காது கொடுத்துக் கேட்கும் கசிவுச் சோதனை இதையே இன்னும் தெளிவாக்கும்: ஆயில் மூடியில் சீறல் கேட்டால் ரிங் அல்லது சுவர், சைலன்சரில் கேட்டால் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட். இறுதியாக, பிளக் துளை வழியே நுழைக்கும் மெல்லிய கேமரா சுவரையே திரையில் காட்டிவிடும். இவை எதுவும் செய்யாமல் இன்ஜினை இறக்கச் சொல்லும் இடத்தில் வண்டியை விடாதிருப்பது நல்லது.

சூடும் நீரும் தூசியைப் போலப் பொறுமையாக வேலை செய்வதில்லை. கூலன்ட் இல்லாமல் சில நிமிடங்கள் ஓட்டினாலே பிஸ்டன் விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை மூழ்கடித்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும், நீரில் நின்ற கார்கள் ஏராளம். நீரைக் காற்றைப் போல அமுக்க முடியாது. சிலிண்டரில் நீர் இருக்கையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைகிறது, வளைந்த ராடு பிஸ்டனைச் சாய்க்கிறது, சாய்ந்த பிஸ்டன் சுவரின் ஒரு பக்கத்தைத் தேய்க்கிறது. வளைவு சிறிதானால் வண்டி அன்று ஓடிவிடும். பழுது சில மாதங்கள் கழித்து ஒரு சிலிண்டரில் மட்டும் குறையும் அழுத்தமாக வெளிப்படும்.

சேதம் உறுதியானால், தேய்மானம் குறைவாக உள்ளபோது ஹோனிங்கும் புதிய ரிங்குகளும், மிகுந்தபோது சுவரை வெட்டி 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடும் ரீபோரும், அதற்கும் இடமில்லாதபோது லைனர் என்னும் புதிய உட்குழாயும் வழிகளாகும். லேத் பட்டறையில் வேலை முடிந்தபின் சுவரின் பின்னலுக்குள் சாணைத் துகள்கள் ஒளிந்திருக்கும்; மண்ணெண்ணெயால் கழுவினால் அவை முழுதும் வெளியேறா. வெந்நீரும் சோப்பும் பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவி, உலர்த்தி, உடனே ஆயில் தடவி, வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் ஒட்டாமல் போகும்வரை கழுவுவதை நிறுத்தக் கூடாது, பிஸ்டனையும் இறக்கக் கூடாது.