புள்ளி வைத்தால் மேலே ஏறும் கர்சர்

லினக்ஸ் கணினியில் விம் தொகுப்பானைத் திறந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது யாராவது அந்த நிரலை வலுக்கட்டாயமாக நிறுத்திவிட்டால், சில நேரம் டெர்மினல் திரை கோணல்மாணலாகிவிடும். தட்டுவது எதுவும் தெரியாது. விடை வந்தாலும், ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்துக்கு நேர் கீழே தொடங்கிப் படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் இறங்கும். கணினி கெட்டுவிட்டது என்று பலர் அணைத்துப் போட்டுவிடுகிறார்கள். எதுவும் கெடவில்லை.

தட்டிய எழுத்தைத் திரையில் காட்டுவதும், என்டர் தட்டும்வரை வரியைச் சேர்த்து வைப்பதும் இயக்குதளத்தின் வேலை. தொகுப்பானுக்கோ ஒவ்வொரு விசையும் உடனுக்குடன் கைக்கு வர வேண்டும். அதனால் திறந்ததும் அந்த வசதிகளை நிறுத்தச் சொல்கிறது, மூடும்போது திருப்பித் தரச் சொல்கிறது. பாதியில் கொல்லப்பட்ட நிரலுக்கு அந்த இரண்டாவது வேலையைச் செய்ய நேரமே கிடைப்பதில்லை.

இன்னொரு கோளாறு இதைவிட விசித்திரமானது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் சரியாக இருக்கும்; சின்ன எழுத்துகள் மட்டும் கோடுகளாக மாறிவிடும். 14 என்ற எண்ணுள்ள பைட் திரைக்குப் போனதால் வரும் வினை இது. 1978-இல் வந்த விடி-100 டெர்மினலில் கட்டம் வரைவதற்கென்று தனி எழுத்துத் தொகுதி இருந்தது. அதில் சின்ன ‘கியூ’ படுக்கைக் கோடு, சின்ன ‘எக்ஸ்’ செங்குத்துக் கோடு. இன்றைய டெர்மினல் மென்பொருள்களும் அந்த வழக்கத்தை விடவில்லை.

காரணம் ஒன்றுதான்: எழுத்தும் கட்டளையும் ஒரே குழாயில் வருகின்றன. எந்த எண் எழுத்து, எந்த எண் கட்டளை என்பதை டெர்மினல்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் இங்கேதான் மாட்டுகிறது. 1970-களின் தரவிதிகள் 128 முதல் 159 வரையான எண்களைக் கட்டளைகளுக்கு ஒதுக்கின. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்த யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். அ முதல் ஔ வரை உயிர் பன்னிரண்டுக்கும், க, ங, ச, ஜ, ஞ, ட ஆகியவற்றுக்கும் மூன்றாவது பைட் அந்தக் கட்டளைப் பகுதியில் விழுகிறது. ‘அ’வின் கடைசி பைட் 133, பழைய விதிப்படி அதன் பொருள், அடுத்த வரிக்குப் போ. மெய்யெழுத்தின் புள்ளிக்கு 141. ஒரு வரி மேலே ஏறு!

தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டியின் பெயரையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 19 குறிகள், 57 பைட். யுடிஎஃப்-8 அறியாத, ஆனால் எட்டு பிட் கட்டளைகளை ஏற்கிற டெர்மினலுக்கு இதை அனுப்பினால், முதல் ‘ப’ மூன்று துண்டாக உடையும்: தலையில் சாய்கோடு போட்ட ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’, பிறகு மேலே தூக்கிய சின்ன ‘ஏ’. ‘ப்’பின் புள்ளி வந்ததும் கர்சர் மேல்வரிக்குத் தாவி, அங்கே ஏற்கெனவே இருந்ததன்மேல் எழுதும். ‘ட’ வந்தால் நிலைமை மோசம். அதன் கடைசி பைட் 159. இனி வருவது நிரலுக்கான இரகசியச் செய்தி, திரையில் காட்டாதே என்று பொருள். அந்தச் செய்தியை முடிக்கும் எண் 156, அது ‘ஜ’வின் கடைசி பைட். ஊர்ப்பெயரில் ‘ஜ’ ஏது? விதியை அப்படியே பின்பற்றும் டெர்மினல் அதற்குப்பின் வாயே திறக்காது. இதை யாரும் திட்டமிடவில்லை. தமிழ் 1991-இல் யூனிகோடில் இடம்பெற்ற வரிசையும் பழைய கட்டளை எண்களும் தற்செயலாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன, அவ்வளவுதான். எனக்கு இது தீராத வியப்பு.

திரை குழம்பினால், தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று ‘ரீசெட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி என்டர் கொடுக்க வேண்டும். காட்டுவதில்தான் கோளாறு, கணினிக்கு எழுத்து சரியாகவே போய்ச் சேருகிறது. என்டர் வேலை செய்யாவிட்டால் கன்ட்ரோல்-ஜே. தொகுப்பானுக்குள் இருக்கும்போதே கலங்கினால் கன்ட்ரோல்-எல் போதும், திரையை மறுபடி வரைந்துவிடும். தமிழ்க் கோப்பு மட்டும் திரும்பத் திரும்பக் குழம்பினால் டெர்மினலின் எழுத்துக்குறியாக்க அமைப்பில் யுடிஎஃப்-8 இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் மூன்று பைட்டையும் முதலில் கூட்டி எழுத்தாக்கிய பிறகே டெர்மினல் கட்டளை தேடும். 141 தனியாக அதன் கண்ணில் படாது.